மின்னலின் கால், கோபுரத்தின் தோள்

அந்த நாளிதழின் எட்டாம் பக்கம் விளையாட்டுப் பக்கம். அதை இருபத்திரண்டு வருடமாக ஒரே ஆள்தான் எழுதி நிரப்பிக்கொண்டிருந்தார். அலுவலகத்தில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. "எட்டாம் பக்கம் வந்தாச்சா?", "எட்டாம் பக்கம் இன்னைக்கு லீவு" என்றுதான் பேச்சு. அவரும் போனை எடுத்தால் "எட்டாம் பக்கம் பேசறேன்" என்றே சொல்லப் பழகிவிட்டார்.

புதிதாக ஒருவர் ஆட வந்தால் போதும், அவருக்கு உடனே பழைய ஆள் ஒருவர் ஞாபகத்துக்கு வந்துவிடுவார். பிள்ளை பிறந்த வீட்டில் தொட்டிலை எட்டிப் பார்த்து, மூக்கு அப்பா மூக்கு, நெற்றி அத்தை நெற்றி என்று பங்கு பிரிப்பவர்கள் உண்டல்லவா, அந்த ரகம். குழந்தை யாரைப் போலவும் இல்லை என்று சொல்லிவிட்டு எழுந்து வர அவர்களால் முடியாது. இவராலும் முடியாது.

அந்தச் சனிக்கிழமை நகரத்துப் பெண்கள் கூடைப்பந்து அணியில் புதிதாக ஒருத்தி இறங்கினாள். இருபது வயது. லிஃப்ட் பழுது பார்க்கும் கம்பெனியில் வேலை. அணியில் எல்லோரும் அவளைப் 'புதுப்பொண்ணு' என்று கூப்பிட்டு, கல்யாணமாகி வந்தவளைப் போல ஓரமாக உட்காரவைத்திருந்தார்கள். இரண்டாவது பாதியில் இறக்கிவிட்டார்கள். இருபத்துநாலு புள்ளி எடுத்தாள். எதிரணியில் ஒருத்தி கடைசியில் இவளைத் தடுப்பதை விட்டுவிட்டு, இடுப்பில் கைவைத்து வேடிக்கை பார்க்கவே ஆரம்பித்துவிட்டாள்.

எட்டாம் பக்கத்துக்குத் தலைகால் புரியவில்லை. ஓடிவந்து நாற்காலியில் உட்கார்ந்து ஒரே மூச்சில் எழுதினார். தலைப்பு: 'மீண்டும் ஒரு மின்னல்!'

மின்னல் என்பது இருபத்தைந்து வருடத்துக்கு முன் இதே அணியில் ஆடிய நட்சத்திரம். அவர் பந்தைத் தட்டிக்கொண்டு ஓடினால் பந்துக்கு மூச்சு வாங்கும் என்பார்கள்.

எழுதிய சந்தோஷத்தில் எட்டாம் பக்கத்துக்கு இரண்டு விஷயம் மறந்துபோனது. ஒன்று, அதே அணியில் அதே வருடங்களில் 'கோபுரம்' என்று இன்னொரு நட்சத்திரம் இருந்தார். அந்தக் கோபுரம் எட்டாம் பக்கத்தின் கூடப்பிறந்த அக்கா. இரண்டாவது, அக்கா இப்போது பல் டாக்டர். திங்கட்கிழமை பத்து மணிக்கு அவரிடம் ரூட் கெனாலுக்கு நாள் குறித்திருந்தது.

"வாயைத் திற" என்றார் அக்கா.

திறந்தார்.

"இன்னும் திற. பேப்பர்ல அவளுக்குத் திறந்த அளவுக்குத் திற."

கன்னத்துக்குள் பஞ்சு, உதட்டோரம் எச்சில் உறிஞ்சும் குழாய், மேலே கண்ணைக் கூசும் விளக்கு. இந்த நிலையில்தான் விசாரணை ஆரம்பித்தது.

"மின்னலாமே, மீண்டும்?"

"ஆ..."

"என்ன ஆ? நான் பதினாலு வருஷம் ஆடினேன். அவ பதினொண்ணு. சரியா தப்பா?"

"ங்ஆ."

"அந்தப் பொண்ணு அடிச்ச இருபத்துநாலுல பதினெட்டு, கூடைக்கு அடியில நின்னு, ரெண்டு பேரைத் தோளால தள்ளிட்டு அடிச்சது. அது யார் ஆட்டம்? மின்னல் கூடைக்கு அடியில நின்னு நீ பார்த்திருக்கியா? அந்தப் பக்கம் போனாலே அவளுக்குத் தும்மல் வரும்."

"ங்ங ஙங்ஙங்ங" என்றார் எட்டாம் பக்கம்.

வாய் திறந்து கிடக்கும் ஆட்களின் பேச்சை இருபது வருடமாகக் கேட்டுப் பழகியவர் அக்கா. "தலைப்புல இடம் பத்தலையா? மின்னல் நாலெழுத்து. கோபுரம் நாலெழுத்து. எண்ணிக்கோ."

அவர் நாற்காலியில் படுத்தபடியே விரல் விட்டு எண்ணினார். நாலுதான். உதவிக்கு நின்ற நர்ஸும் மனசுக்குள் எண்ணிவிட்டு அவரைப் பரிதாபமாகப் பார்த்தாள்.

"வைச்சிருக்கிறது தற்காலிக அடைப்புதான்" என்று அக்கா கையுறையைக் கழற்றினார். "இன்னும் மூணு தடவை நீ என்கிட்ட வந்தாகணும்."

எல்லா நோயாளிகளிடமும் சொல்லும் வார்த்தைதான் அது. ஆனாலும் எட்டாம் பக்கம் அலுவலகத்துக்கு வந்ததும் முதல் வேலையாகப் புதுத் தலைப்பு யோசித்தார்.

செவ்வாய்க்கிழமை பேப்பரில் புதுப்பொண்ணைப் பற்றி இரண்டாவது கட்டுரை வந்தது. தலைப்பு: 'மின்னலின் கால், கோபுரத்தின் தோள்!' ஒரே வரியில் ஊரையும் வீட்டையும் சமாளித்துவிட்டோம் என்று அவர் தன்னைத்தானே மெச்சிக்கொண்டார்.

புதன்கிழமை காலையில் அலுவலக வாசலில் ஒரு கார் வந்து குறுக்கே நின்றது. மேலே 'பழகுநர்' பலகை. ஓட்டுநர் பள்ளி நடத்தும் மின்னல் கதவை அறைந்து சாத்திவிட்டு மாடிப்படியில் இரண்டிரண்டாகத் தாவி ஏறி வந்தார். பின்னாலேயே ஒவ்வொரு படியாக இன்னொருவர் வந்தார். அவர் பட்டப்பெயர் 'பசை'. பந்து அவர் கைக்கு வந்தால் ஒட்டிக்கொள்ளும் என்பதால் வந்த பெயர். அதே அணியின் மூன்றாவது நட்சத்திரம். இப்போது கணக்கு டீச்சர்.

"ஞாயித்துக்கிழமை என்னை முழுசாக் குடுத்தீங்க" என்று மின்னல் மேஜையில் இரண்டு கையையும் ஊன்றினார். "ரெண்டே நாள்ல இடுப்புக்கு மேல பிடுங்கி உங்க அக்காவுக்குக் குடுத்துட்டீங்க. வெறும் காலை வைச்சிக்கிட்டு நான் என்ன பண்றது?"

"மேடம், உட்காருங்க. வீட்ல கொஞ்சம்..."

"வீடு இருக்கட்டும். நடுநிலைன்னு ஒண்ணு இருக்கா இல்லையா?"

பசை நிதானமாக நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பையிலிருந்து ஒரு கட்டம் போட்ட நோட்டை எடுத்தார். "எனக்குக் கோபம்லாம் இல்ல சார். ஒரு சின்ன சந்தேகம். பந்து கால்ல பட்டா என்ன ஆகும்?"

"விசில் ஊதிடுவாங்க."

"தோள்ல பட்டா?"

"வெளியே போயிடும்."

"அப்ப எதால ஆடறாங்க?"

எட்டாம் பக்கம் பேனா மூடியைத் திருகினார்.

"கையால" என்று பசையே சொல்லி, நோட்டில் கை என்று எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டார். "அந்தப் பொண்ணு ஒரு தடவைகூடப் பந்தை நழுவ விடல. கை யாரோடதுன்னு கட்டுரையில காணோம். விட்டுப்போச்சு போல. அவ்வளவுதான்."

வியாழக்கிழமை மூன்றாவது கட்டுரை. மின்னலின் கால், கோபுரத்தின் தோள், பசையின் கை. பிரதியைப் படித்த ஆசிரியர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்: "ஏம்ப்பா, இது ஆட்டக்காரியா, உதிரிபாகக் கடையா?" கேட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டே அச்சுக்கும் அனுப்பிவிட்டார். பத்து மணிக்குள் மூன்று பேரிடமிருந்தும் நன்றி சொல்லிச் செய்தி வந்தது. எட்டாம் பக்கம் அன்றைக்கு நிம்மதியாகச் சாப்பிட்டார், பல் வலிக்காத பக்கமாக.

சனிக்கிழமை ஆட்டத்துக்குக் கூட்டம் அலைமோதியது. புதுப்பொண்ணை முதலிலேயே இறக்கினார்கள். முதல் பாஸ் அவளுக்கு வந்தது. வாங்கினாள். நின்றாள். யாரோ தன் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு போய்விட்டதைப் போலத் தன் காலையே குனிந்து பார்த்தாள். அதற்குள் பந்தைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள். அடுத்த முறை கூடைக்கு அடியில் தோளைக் கொடுத்துத் தள்ளினாள். தள்ளப்பட்டது அவள் அணியின் கேப்டன். மூன்றாவது முறை பந்தை அழகாக, குறிபார்த்து, நடுவரிடம் வீசினாள். நல்ல மனுஷன், பிடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

மொத்தம் மூன்று புள்ளி. ஆட்டம் முடிந்ததும் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு நேராக வீட்டுக்குப் போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை எட்டரை மணிக்கு முதல் போன்.

"அது என் கால் இல்ல" என்றார் மின்னல். "மறுப்பு போடுங்க. என் கால் எந்தக் காலத்துல அப்படிப் பின்னிக்கிட்டு நின்னுச்சு?"

ஒன்பது மணிக்குப் பசை. "சார், கோபம்லாம் இல்ல. என் கையை மட்டும் எடுத்துடுங்க. நாளைக்கு நான் வகுப்புக்குப் போகணும். பசங்க நடுவர் வேஷம் போட்டுக் காத்துட்டு இருப்பாங்க."

திங்கட்கிழமை மறுபடி அக்காவின் நாற்காலி.

"அந்தத் தோள் எனக்கு வேண்டாம்" என்றார் அக்கா, ஊசியை எடுத்துக்கொண்டே. "கேப்டனையே தள்ளுது. நான் எதிரியைத் தவிர யாரையாவது தள்ளியிருக்கேனா? வாயைத் திற."

விறைத்துப்போன கன்னத்தோடு தெருவில் நடந்து வரும்போது எட்டாம் பக்கத்துக்கு முதல்முறையாக வெட்கமாக இருந்தது. போன வாரம் முழுக்கக் காலுக்கும் கைக்கும் தோளுக்கும் அடித்துக்கொண்டார்கள். இந்த வாரம் அதையே வேண்டாம் என்று தூக்கி எறிகிறார்கள். இவரோ மூன்று கட்டுரை எழுதியிருக்கிறார். ஆனால், அந்தக் கைகாலுக்குச் சொந்தக்காரியிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. 'நல்லா இருக்கியாம்மா?' என்றுகூடக் கேட்டதில்லை.

கம்பெனிக்குப் போன் செய்தார். ஆறுமாடிக் கட்டடம் ஒன்றில் வேலையாக இருப்பதாகச் சொன்னார்கள். லிஃப்ட் பழுது என்பதால்தான் அவளே அங்கே இருக்கிறாள் என்பது போய்ச் சேர்ந்த பிறகுதான் அவருக்கு உறைத்தது. நான்கு மாடி ஏறினார். நான்காவது மாடியில் லிஃப்ட் கதவு திறந்து கிடந்தது. முன்னால் தடுப்புப் பலகை. உள்ளே, பாதியில் நின்ற லிஃப்டின் கூரைமேல் அவள் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். தலையில் விளக்கு கட்டிய தொப்பி, முழங்கைவரை கிரீஸ்.

"சரியாகல சார், இன்னும் அரை மணி ஆகும்" என்றாள் நிமிராமல்.

"நான் லிஃப்டுக்கு வரலைம்மா. நான் எட்டாம் பக்கம்."

விளக்கு மெல்ல அவர் முகத்துக்குத் திரும்பியது. "ஓ" என்றாள். ஸ்பேனரைக் கீழே வைத்தாள். "சார், கேக்கணும்னே இருந்தேன். அந்த மூணு பேரும் எப்பச் செத்துப்போனாங்க?"

"ஐயையோ! யாரும் சாகல. நல்லாத்தான் இருக்காங்க. கொஞ்சம் அதிகமாவே நல்லா இருக்காங்க."

"அப்படியா? கை, கால், தோள்னு எழுதியிருந்தீங்களே. தானம் பண்ணிட்டாங்கன்னு நினைச்சேன்."

கன்னம் விறைத்திருந்ததால் எட்டாம் பக்கத்துக்குப் பாதி முகம்தான் சிரித்தது. தடுப்புக்கு இந்தப் பக்கம் தரையிலேயே உட்கார்ந்துகொண்டார். "நீ யாரைப் பார்த்தும்மா ஆடக் கத்துக்கிட்ட?"

"யாரையும் இல்ல சார். எங்க வீட்ல நாலு அக்கா. நான் அஞ்சாவது. குளியலறை ஒண்ணே ஒண்ணு. காலையில எல்லாரும் ஏழரைக்குக் கிளம்பணும். துண்டு யார் கையில இருக்கோ அவங்களுக்குத்தான் உள்ள போற உரிமை. அது எங்க வீட்டுச் சட்டம். படுக்கையிலேர்ந்து குளியலறைக்குள்ள நாலு பேரைத் தாண்டணும். துண்டைத் தலைக்கு மேல தூக்கிப் பிடிச்சுக்கிட்டே ஓடணும். வாசல்ல எங்க மூணாவது அக்கா நிப்பா. அவளைத் தாண்டறதுதான் கஷ்டம். பத்து வருஷமா தினமும் இதான்."

"பந்து நழுவறதே இல்லையே, அது எப்படி?"

"அஞ்சு பேருக்கு ஒரே சோப்பு சார். அது கைநழுவி வெளியே உருண்டுச்சுன்னா திரும்பக் கிடைக்காது."

எட்டாம் பக்கம் இருபத்திரண்டு வருடத்தில் எத்தனையோ பேட்டி எடுத்திருக்கிறார். குறிப்பேட்டை எடுக்க மறந்துபோனது இதுதான் முதல் தடவை.

"அப்ப சனிக்கிழமை என்னம்மா ஆச்சு?"

அவள் முகம் தொங்கிப்போயிற்று. "உங்க பேப்பர் வந்ததிலேர்ந்து வீட்ல யாரும் என்கூடச் சண்டை போடறதில்ல சார். 'நீ பெரிய ஆளு, நீ முதல்ல குளி'ன்னு வழி விட்டுடறாங்க. மூணாவது அக்காகூடத் துண்டை மடிச்சுக் கையில குடுக்கிறா. பிராக்டிஸ்லயும் அதே கதைதான். ஒருத்தரும் இடிக்கறதில்ல. கோபுரத்தோட தோளாம், ஜாக்கிரதையாம். ஒரு வாரம் இடி வாங்காம எப்படி சார் ஆடறது? பந்து வந்தா, இப்ப யார் காலால ஓடணும்னு யோசனைதான் வருது." கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னாள்: "யாராவது என்னை நல்லா இடிச்சு, பிடுங்கி, மரியாதையில்லாமத் திட்டினா சரியாயிடுவேன்."

"அப்படிப்பட்டவங்க மூணு பேரை எனக்குத் தெரியும்" என்றார் எட்டாம் பக்கம்.

வியாழக்கிழமை சாயங்காலம் பயிற்சிக் கூடத்துக்கு மூன்று பேரையும் வரவழைத்தார். ஒவ்வொருவரிடமும், மற்ற இருவரும் வருகிறார்கள் என்று மட்டும் சொன்னார். அதுவே போதுமாக இருந்தது. அக்கா மருத்துவமனையை நாலு மணிக்கே மூடிவிட்டு வந்தார். மின்னல் கார் ஓட்டக் கற்றுக்கொள்ள வந்தவரையும் கூட்டிக்கொண்டே வந்துவிட்டார். பாவம், அவர் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி வாசலில் காத்திருந்தார். பசை நோட்டோடு வந்தார்.

மூன்று பேரும் ஒரே கூடைக்குக் கீழே நின்று இருபது வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. வந்த மூன்றாவது நிமிடமே, பழைய இறுதியாட்டம் ஒன்றின் கடைசிப் பாஸை யார் யாருக்குக் கொடுத்திருக்க வேண்டும் என்று வாக்குவாதம் ஆரம்பமானது. புதுப்பொண்ணு நடுவில் போய் மரியாதையாக, "வணக்கம், நீங்க மூணு பேரும் யாரு?" என்று கேட்டதும் மூவரும் ஒரே நேரத்தில் அவள் பக்கம் திரும்பினார்கள்.

"யாருன்னா கேக்கறே?" என்றார் அக்கா.

"பந்தைப் போடு" என்றார் மின்னல், காதுத்தோட்டைக் கழற்றிக்கொண்டே.

மூன்று பேருக்கு ஒருத்தி. எட்டாம் பக்கம்தான் நடுவர். கோச் கொடுத்த விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டார்.

ஆட்டம் என்று அதைச் சொல்வதா, அடிதடி என்று சொல்வதா தெரியவில்லை. மின்னல் நாலு எட்டு உண்மையாகவே மின்னலாக ஓடினார். ஐந்தாவது எட்டில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "கியர் விழமாட்டேங்குது" என்று நின்றுவிட்டார். நின்ற இடத்திலிருந்தே காலை நீட்டி வழிமறித்தார். பசை பந்தைப் பிடிக்கவில்லை. புதுப்பொண்ணின் சட்டையைப் பிடித்தார், விடவே இல்லை. அக்கா கூடைக்கு அடியில் மலை மாதிரி நின்று, "வா, வா, கேப்டனைத் தள்ளினியே, என்னைத் தள்ளு பார்ப்போம்" என்றார்.

புதுப்பொண்ணு இடித்தாள். இடி வாங்கினாள். விழுந்தாள். எழுந்தபோது அவள் முகம் பூவாய் மலர்ந்திருந்தது. "இதான்! எங்க மூணாவது அக்கா இப்படித்தான்!" என்று கத்திக்கொண்டே பந்தைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து, வளைந்து, குனிந்து, பசையின் பிடியிலிருந்து சட்டையை உருவிக்கொண்டு, அக்காவின் அக்குளுக்கு அடியில் நுழைந்து கூடையில் போட்டாள்.

அக்கா அவள் பின்னலைப் பிடித்து இழுத்தார்.

"ஃபவுல்!" என்று கத்திவிட்டு எட்டாம் பக்கம் பலங்கொண்ட மட்டும் விசிலை ஊதினார். விசிலிலிருந்து சத்தம் வந்தது. வாயிலிருந்து தற்காலிக அடைப்பு வந்தது. வளைந்து பறந்து தரையில் எங்கோ உருண்டது.

"யாரும் அசையாதீங்க!" என்றார் அக்கா. பின்னலை விட்டுவிட்டு ஒரே நொடியில் டாக்டராகிவிட்டார். மூன்று முன்னாள் நட்சத்திரங்களும் புதுப்பொண்ணும் மண்டிபோட்டுத் தேடினார்கள். கடைசியில் அது பசையின் உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டிருந்தது. அக்கா தம்பியைப் பெஞ்சில் சாய்த்து, புதுப்பொண்ணின் தொப்பி விளக்கைக் கடன் வாங்கி வாய்க்குள் அடித்துப் பார்த்தார். "உன்னை யாருடா ஊதச் சொன்னா? அது ஃபவுலே இல்ல."

"முடியைப் பிடிச்சு இழுத்தியேக்கா."

"வீட்ல உன்னை இழுத்ததில்லையா? அப்ப விசிலா ஊதினே?"

அதற்குள் புதுப்பொண்ணு தனியாகப் பந்தைத் தட்டிக்கொண்டு ஓட ஆரம்பித்திருந்தாள். மூன்று பேரும் பெஞ்சில் மூச்சு வாங்க உட்கார்ந்து பார்த்தார்கள்.

"என் ஓட்டம் இல்ல இது" என்றார் மின்னல். "நான் நேரா ஓடுவேன். இவ வீட்டுச் சாமானை எல்லாம் சுத்திக்கிட்டு ஓடற மாதிரி ஓடறா. என்ன ஓட்டம் இது, பார்க்கவே நல்லால்ல. ஆனா பிடிக்க முடியல."

"தோளும் இப்படிப் போடக்கூடாது" என்றார் அக்கா, தன் விலா எலும்பைத் தடவிக்கொண்டே. "ஆனா வலிக்குது."

பசை நோட்டைத் திறந்து, எதையோ எழுதப்போய், மூடிவிட்டார்.

மூன்றாவது ஆட்டத்தில் புதுப்பொண்ணு இருபத்தாறு புள்ளி எடுத்தாள். பார்வையாளர் வரிசையில், துண்டுக் கதையை எட்டாம் பக்கத்திடம் கேட்டுவிட்டிருந்த மூன்று நட்சத்திரங்களும் எழுந்து நின்று, "துண்டு! துண்டு!" என்று தொண்டை கிழியக் கத்தினார்கள். என்ன ஏது என்று தெரியாமலேயே கூட்டம் மொத்தமும் சேர்ந்து கத்தியது. எதிரணிக் கோச் தன் கழுத்தில் கிடந்த துண்டைப் பார்த்துப் பயந்துபோய், எடுத்து நாற்காலிக்கு அடியில் ஒளித்துவைத்தார். இரண்டு புள்ளி வித்தியாசத்தில் வெற்றி.

அன்றைக்கு எட்டாம் பக்கம் அவள் பெயரைத் தலைப்பில் போட்டு, பக்கத்தில் இருபத்தாறு என்று எழுதினார். கீழே கட்டுரையில் நாலு அக்கா, ஒரு குளியலறை, ஒரு சோப்பு.

"யார் மாதிரின்னு போடலையே?" என்றார் ஆசிரியர்.

"யார் மாதிரியும் இல்ல சார்."

"உடம்பு சரியில்லையா?" என்று ஆசிரியர் கவலையாகக் கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை யாரும் போன் செய்யவில்லை. மாலையில் ஒரே ஒரு அழைப்பு. அறிமுகமில்லாத கனத்த பெண்குரல்.

"எட்டாம் பக்கமா? நான் மூணாவது அக்கா பேசறேன். வாசல்ல நிக்கறவள்னு ஒரே வரியில முடிச்சுட்டீங்களே. நான் எப்படி நிப்பேன்னு விவரமா எழுத வேண்டாமா?"

அவர் போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "நீங்க எவ்வளவு உயரம்மா?"

"வாசல் நிலை தலையில இடிக்கும்" என்றது மறுமுனை.

"வியாழக்கிழமை சாயங்காலம் நீங்க சும்மாதானே இருப்பீங்க?"